கோயில் கல்வெட்டை உழைப்பின் கணக்காக வாசிப்பது எப்படி

காவிரிப் பாசனத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அடங்கலும் சிட்டாவும் 'அ' பதிவேடும் பார்த்துப் பழகிய கண். மார்க்சிய வரலாற்று நூல்கள் சங்கத் தோழர்கள் வழியாகக் கைக்கு வந்தன. கல்வெட்டுப் படிப்பு அதற்கப்புறம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு கோயில் கோயிலாகப் போய் வருகிறேன். அவர்களில் ஒரு சாரார் மன்னன் பெயரும் ஆண்டும் தெரிந்ததும் நோட்டை மூடிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் கல்லைப் பார்ப்பதற்கு முன்பே 'இது நிலப்பிரபுத்துவம்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இரு சாராருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தத்துவம் எவ்வளவு வேண்டும் என்று பார்த்துவிடுவோம். மூலதனத்தின் மூன்றாம் தொகுதியை, மார்க்ஸ் இறந்த பிறகு, 1894இல் ஏங்கெல்ஸ் வெளியிட்டார். அதில் நிலவாடகை பற்றிய பகுதியில் ஓர் இடம் வருகிறது. நேரடியாக உழைக்கிறவரிடமிருந்து கூலியில்லாத உபரி உழைப்பு எந்த வடிவத்தில் பறிக்கப்படுகிறது என்று பார். ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் உள்ள உறவு அதிலிருந்து விளங்கும், அரசின் வடிவமும் அதிலிருந்து விளங்கும் என்பது அந்த இடத்தின் சாரம். கல்வெட்டுக்கு முன்னால் போய் நிற்பதற்கு இந்த ஓர் இடத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டால் போதும். 'எந்த வடிவத்தில்' என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த வடிவம் என்னவென்று மார்க்ஸ் நமக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவில்லை. ஊர் ஊராக, காலம் காலமாக அதை நாம்தான் தேடியாக வேண்டும்.

ஆகவே எந்தக் கல்வெட்டிலும் நான் கேட்கச் சொல்வது இதுதான்: இதில் வரும் நெல்லை, நெய்யை, காசை யார் உழைத்து உண்டாக்கினார்கள்? யார் அளந்து வாங்கினார்கள்? எந்த உரிமையைச் சொல்லி வாங்கினார்கள்?

தொடங்கும் இடம்

நேராக மதில் சுவரில் தொடங்காதீர்கள். அச்சில் வந்த பாடத்தில் தொடங்குங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் இரண்டாவது தொகுதி தஞ்சைப் பெரிய கோயிலுக்கு உரியது, ஹுல்ட்ஸ் பதிப்பித்தது. அதில் தமிழ்ப் பாடம் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் சுப்பராயலு தொகுத்த தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதியை வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

அச்சுப் பாடம் கொஞ்சம் பழகிய பிறகு சுவருக்குப் போங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரம் நல்லது. இல்லாவிட்டால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் பள்ளம் தெரியும். சாக்குக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். சுண்ணாம்பு பூசியும் மணல் பீய்ச்சியும் அழிந்த எழுத்து ஏற்கெனவே ஏராளம். நம் பங்குக்கும் அழிக்க வேண்டாம்.

ஒரு சோழர் கல்வெட்டின் அமைப்பு பொதுவாக இப்படி இருக்கும். ஸ்வஸ்திஸ்ரீ, மெய்க்கீர்த்தி என்னும் மன்னன் புகழ்ப் பகுதி, ஆட்சியாண்டு, வளநாடு, நாடு, ஊர், பிறகு நடந்த காரியம், நிலமென்றால் நான்கெல்லை, வரி விவரம், கையெழுத்திட்டவர்கள், கடைசியில் இதைக் காத்தவர் பாதம் என் தலைமேல் என்பது போன்ற வாசகம். பலரும் மெய்க்கீர்த்தியிலேயே நின்றுவிடுகிறார்கள். அதை ஒதுக்கவும் வேண்டாம். 'திருமகள் போலப் பெருநிலச் செல்வியும் தனக்கே உரிமை பூண்டமை' என்று முதலாம் இராஜராஜனின் மெய்க்கீர்த்தி தொடங்குகிறது. நிலமே மன்னனுக்கு உரிமை பூண்டவள் என்ற பிரகடனம் ஒவ்வொரு வரிக்கணக்குக்கும் தானப் பத்திரத்துக்கும் தலைப்பில் நிற்கிறது. வாங்குகிற உரிமைக்கு அது சொல்லும் நியாயத்தைக் குறித்துக்கொண்டு, கீழே இறங்கிவிடுங்கள். நமக்கு வேண்டிய சரக்கு கீழேதான் இருக்கிறது.

விளக்குக்கு விட்ட ஆடு

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஒரு நந்தா விளக்குக் கல்வெட்டு. நந்தா விளக்கு என்றால் அணையாமல் எரியும் விளக்கு. எந்தப் பழைய கோயிலிலும் இது இருக்கும், நான்கைந்து வரிதான். இன்னார் இந்தக் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு எரிக்க 'சாவா மூவாப் பேராடு' 96 கொடுத்தார். இந்த ஆட்டை இன்ன மன்றாடி, அதாவது இடையர், ஏற்றுக்கொண்டார். நிசதம் (நாள்தோறும்) உழக்கு நெய், சந்திராதித்தர் (சந்திர சூரியர்) உள்ளவரை அளப்பார். இவ்வளவுதான் செய்தி. தஞ்சைக் கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு. சில ஊர்களில் 90 ஆடு என்றும் வரும்.

வழக்கமான வாசிப்பு, கொடுத்தவரின் பக்தியைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடும். அந்தப் பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆட்டை மேய்க்கப்போகிறவரின் இடத்தில் நின்று அதே வரிகளை மறுபடி படியுங்கள். ஆடு சாகும், கிழடாகும். கல்வெட்டோ இந்த 96 சாகவும் சாகாது, மூக்கவும் மூக்காது என்கிறது. அப்படியென்றால் என்ன நடக்க வேண்டும்? செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டியை வளர்த்து மந்தையை 96க்குக் குறையாமல் வைத்திருப்பது மேய்ப்பவரின் பாடு. கோமாரி வந்தாலும், மழை பொய்த்துப் புல் கருகினாலும் நட்டம் அவருக்கு. கொடுத்தவரின் முதல் எக்காலத்திலும் குறைவதில்லை.

இப்போது அளவைப் போட்டுப் பாருங்கள். நான்கு உழக்கு ஒரு நாழி. நாளைக்கு ஓர் உழக்கு என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 91 நாழி நெய். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஆக ஒரு கலத்துக்குச் சற்றுக் குறைவு. பால் கறந்து, தயிராக்கி, கடைந்து, உருக்கி, கோயில் வாசலில் அளந்து கொடுக்கும் வரை உள்ள வேலை முழுவதும் அந்த 'அளப்பார்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. சந்திராதித்தர் உள்ளவரை என்பதால் இந்தக் கடமை அவரோடு முடியாது, பிள்ளை பேரனுக்கும் போகும். தஞ்சைக் கல்வெட்டுகளில் இடையரின் உறவினர்களும் சேர்ந்து பிணை நிற்பதைப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் பிள்ளைகள் உடனே 'சுரண்டல்' என்று எழுதிவிட்டு அடுத்த கல்லுக்குப் போகப் பார்ப்பார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்வேன். நெய் போக மிச்சப் பால், 96க்கு மேல் பெருகிய குட்டி, வயலில் கிடை போட்டால் கிடைப்பது, இவை யாருக்கு? கல்வெட்டு அதைச் சொல்வதில்லை. மேய்ப்பவர் அதில் பிழைத்திருக்கலாம், ஓரளவு செழித்தும் இருக்கலாம். சொந்த ஆடு இல்லாதவருக்கு ஒரு மந்தை கையில் கிடைப்பது சிறிய காரியம் இல்லை. ஆகவே உங்கள் குறிப்பில் கல் சொல்வது ஒரு பத்தியாகவும், நீங்கள் ஊகிப்பது இன்னொரு பத்தியாகவும் இருக்கட்டும். இரண்டும் கலந்துவிட்டால் பிற்பாடு உங்களாலேயே பிரிக்க முடியாது.

கழிக்கப்பட்ட நிலம்

அடுத்து தஞ்சைக் கோயிலின் வரிக்கணக்குக் கல்வெட்டுகள். இரண்டாம் தொகுதியில் 4, 5 என்ற எண்ணுள்ளவை. இவற்றைப் படித்தபோது எனக்கு என் அலுவலக அலமாரியைத் திறந்தது போல இருந்தது, அதனால் இங்கே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் அந்த ஊரில் அளந்தபடி மொத்த நிலம் இவ்வளவு. அப்புறம் அதிலிருந்து இறை, அதாவது வரி, கட்டாத நிலத்தைக் கழிக்கிறார்கள். ஊர்நத்தம் (ஊரார் குடியிருப்பு), ஸ்ரீகோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. இவை நீங்க மிச்சம் இவ்வளவு நிலம். அதற்கு இறை கட்டின காணிக்கடன் (நிலவரி) நெல் இவ்வளவு கலம். அதை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும். அந்த மரக்கால் இராஜகேசரி என்ற மரக்காலுக்கு ஒத்தது என்பதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். நிலத்தின் பின்னம் வேலியில் 320இல் ஒரு பங்கான முந்திரிகைக்கும் கீழே போகும். இவ்வளவு நுணுக்கமாக அளந்த நிர்வாகம் எதற்காக அளந்தது என்று கேட்டால் பதில் அதே வரியில் இருக்கிறது: காணிக்கடன்.

வாசிக்கும் முறை இது. ஒரு தாளில் ஓர் ஊருக்கு மூன்று கட்டம் போடுங்கள்: மொத்தம், கழிவு, நெல். எல்லாரும் மூன்றாவது கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள், எத்தனை கலம் வந்தது என்று. நீங்கள் நடுக் கட்டத்தில் உட்காருங்கள். கழிக்கப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாக எழுதி, அங்கே யார் குடியிருந்தார்கள், அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று எதிரே எழுதுங்கள். கம்மாணச்சேரியில் கம்மாளர்கள். ஈழச்சேரியில் கள் இறக்குவோர். வண்ணாரச்சேரி. தீண்டாச்சேரி என்றே வரும் இடங்களும் உண்டு. உழப்பறையர் குடியிருக்கும் சேரி என்று தொழிலையே சேர்த்துச் சொல்லும் இடமும் உண்டு. வெள்ளாளர் சுடுகாடு வேறு, பறையர் சுடுகாடு வேறு என்று செத்த பிறகும் பிரித்து எழுதிய ஊர்களும் உண்டு.

இதிலிருந்து என்ன சொல்லலாம்? 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காவிரிக் கழனிகளில் உழைத்தவர்களின் குடியிருப்பு ஊர்நத்தத்திலிருந்து பிரிந்து நின்றது; தீண்டாமை அரசின் கணக்கிலேயே ஏறியிருந்தது. இது கல் நேராகச் சொல்வது. சேரி இறை கட்டாத நிலம் என்பதால், அங்கே இருந்தவர்கள் இறை செலுத்துவோராக இந்தக் கணக்கில் தெரிவதில்லை. அவர்களுடைய உழைப்பு வேறொருவர் காணியின் நெல்லாக உருமாறித்தான் கணக்குக்குள் வருகிறது. இது என் ஊகம், ஆனால் கணக்கின் அமைப்பே அதற்கு ஆதாரம் தருகிறது. அவர்கள் அடிமைகளா, கூலிக்காரர்களா, வாரத்துக்கு உழுதவர்களா? இந்தக் கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக எழுதக்கூடாது.

எங்கள் பழைய பதிவேடுகளிலும் கிராம நத்தம் தனி, சேரிநத்தம் தனி. அதைப் பார்த்துவிட்டு இராஜராஜன் காலத்துக்கும் நம் காலத்துக்கும் ஒரே நேர்கோடு இழுக்க ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். நடுவில் விஜயநகரம், நாயக்கர், மராட்டியர், கம்பெனி என்று நில உரிமை எத்தனையோ முறை மாறியிருக்கிறது. சேரி அதே இடத்தில் இருந்திருக்கலாம். சேரியில் இருந்தவரிடமிருந்து உழைப்பை வாங்கிய வழி மாறியிருக்கும். தஞ்சையில் பண்ணையாள் முறைக்கு 1952இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்ததே, அந்தப் பண்ணையாளை அப்படியே சோழர் காலத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எது தொடர்ந்தது, எது மாறியது என்று நூற்றாண்டு வாரியாகச் சான்று காட்டுவதுதான் வரலாற்று வேலை.

அளவைகள் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் இன்றும் மா, வேலி என்றுதான் பேச்சு. ஒரு மா 33 சென்ட், 20 மா ஒரு வேலி. அதை வைத்துக் கல்வெட்டு வேலியை ஏக்கராக மாற்றாதீர்கள். அளந்த கோலின் நீளம் இடத்துக்கு இடம் வேறு, மரக்காலும் பெயருக்குப் பெயர் வேறு. ஒரே கல்வெட்டுத் தொகுப்புக்குள், ஒரே மரக்காலில் ஒப்பிட்டால் தவறு வராது.

அந்த நெல் போன வழி

அப்படி ஒப்பிட ஒரு நல்ல இடம் அதே கோயிலில் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிப் பெண்கள், 400 பேரின் பட்டியல். எந்தச் சிறகு (வீட்டு வரிசை), தலைவீடா, இரண்டாம் வீடா, பெண்ணின் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார் என்று ஒருவர் விடாமல் எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் வருவாயாக ஆண்டுக்கு 100 கலம் நெல். தொடர்ந்து நட்டுவர், உவச்சர் (கோயில் மேளக்காரர்), கணக்கர், தச்சர் என்று பலரின் பங்கும் வருகிறது.

வரிக்கணக்கையும் இந்தப் பட்டியலையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு பக்கம் ஊர்களிலிருந்து கலம் கலமாக நெல் உள்ளே வருகிறது. இன்னொரு பக்கம் வீட்டு இலக்கத்தோடு பங்காகப் பிரிந்து வெளியே போகிறது. பங்கு வாங்கியவர்களுக்குப் பெயர் இருக்கிறது. நெல்லை விளைவித்தவர்களுக்கு ஒரு சேரியின் பரப்பளவு மட்டும் இருக்கிறது. அந்த 400 பெண்களின் நிலை என்ன என்பது தனிக் கேள்வி. ஊர் ஊரான கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். பங்கு கிடைத்ததாலேயே அவர்களைச் சுகவாசிகள் என்று எழுதிவிட வேண்டாம்.

உத்திரமேரூர் பற்றியும் கேட்பார்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறை. மக்களாட்சிக்குச் சான்று என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். குடவோலையில் பெயர் இடத் தகுதி என்ன என்ற வரியைப் படியுங்கள்: கால் வேலிக்கு மேல் இறை நிலம், சொந்த மனையில் வீடு, வயது வரம்பு, வேதப் பயிற்சி. அது ஒரு பிரமதேயத்தின், அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரின், சபை. கணக்குக் காட்டாதவரை விலக்கும் விதிகள் அங்கே கடுமையாக இருந்தன, அதை மதிக்கலாம். யாருக்குள்ளே நடந்த தேர்தல் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுச் செய்தி.

பெயர் சூட்டுவதற்கு முன்

சரி, இதெல்லாம் சேர்ந்து என்ன சமூகம்? இங்கேதான் நூல்கள் வேண்டும். ஆர். எஸ். சர்மா 1965இல் இந்திய நிலப்பிரபுத்துவம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். பிராமணர்களுக்கும் கோயில்களுக்கும் தரப்பட்ட நிலக்கொடைகள் அரசின் உரிமைகளையே கைமாற்றின, குடியானவர் கட்டுண்டார் என்பது அவர் வாதம். 1979இல் ஹர்பன்ஸ் முகியா எழுந்து, ஐரோப்பியப் பொருளில் இங்கே நிலப்பிரபுத்துவம் இருந்ததா என்று கேட்டார். இங்கே உழவர் தம் உற்பத்திச் சாதனங்களைத் தம் கையில் வைத்திருந்தார் என்பது அவர் பதில். 1980இல் பர்ட்டன் ஸ்டைன் சோழ அரசையே கூறுகளால் ஆன ஓர் அமைப்பு என்றார். மார்க்சியர்கள் பலர் அதை மறுத்தார்கள். இந்த விவாதத்தைப் படிக்கும்போது யார் வென்றார் என்று பார்ப்பதைவிட, ஒவ்வொருவரும் எந்தச் சான்றில் நிற்கிறார் என்று பாருங்கள்.

கோசாம்பியை நான் முதலில் படிக்கச் சொல்வேன். அவர் கணிதப் பேராசிரியர். தேய்ந்த பழைய வெள்ளி நாணயங்களைத் தராசில் நிறுத்து, எடை குறைவதை வைத்து எவ்வளவு காலம் புழங்கின என்று கணக்கிட்டவர். புனேயைச் சுற்றிக் கால்நடையாக அலைந்து தாய்த்தெய்வ இடங்களைத் தேடியவர். 1949இல் கம்யூனிஸ்ட் தலைவர் டாங்கே பழங்கால இந்தியாவைப் புராதனப் பொதுவுடைமை, அடிமைமுறை என்ற படிகளில் அடுக்கி நூல் எழுதியபோது, சான்றில்லாமல் சூத்திரத்தைப் பொருத்துவது மார்க்சியம் ஆகாது என்று கடுமையாக மறுத்தவரும் அவரே. இரண்டு பேரும் மார்க்சியர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

மார்க்சையும் அப்படியே படிக்கலாம். 1853இல் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் இதழுக்கு எழுதியபோது இந்தியக் கிராமத்தை மாறாத ஒன்றாகப் பார்த்தார். அவர் கையில் இருந்தவை பிரிட்டிஷ் அறிக்கைகள். நம் கல்வெட்டுகளில் நிலம் விற்கப்படுகிறது, ஒற்றி வைக்கப்படுகிறது, கைமாறுகிறது. இருந்த குடிகளை விலக்கிக் கோயிலுக்குக் கொடுத்த குடிநீக்கித் தேவதானம் உண்டு, அவர்களை விலக்காத குடிநீங்காத் தேவதானமும் உண்டு. இவற்றைக் கண்ட பிறகு 1853இன் கருத்தைத் திருத்திக்கொள்வது மார்க்சிய முறைக்கு உகந்த செயல்தான்.

ஒற்றைக் கல்வெட்டை வைத்து எந்த முடிவுக்கும் வராமல் இருக்க ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவின் வழியைப் பின்பற்றுங்கள். 1960களில் அவர் திருச்சிக்கு மேற்கே காவிரிக் கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டார். அல்லூரில் நிலத்தை ஊரார் கூட்டாக வைத்திருந்து கூட்டாக விற்றார்கள். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் பிராமணர்கள் தனித்தனியாக வைத்திருந்து தனித்தனியாக விற்றார்கள். ஒரே ஆறு, ஒரே அரசு, இரண்டு வகை உடைமை. பின்னர் பல ஊர்களைச் சேர்த்துப் பார்த்து, 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பெரிய தனியுடைமைகள் பெருகுவதைக் காட்டினார். சோழர் காலம் என்று 400 ஆண்டுகளை ஒரே மூட்டையாகக் கட்ட முடியாது என்பது அந்த உழைப்பில்தான் உறுதிப்பட்டது.

உங்களுக்கான பயிற்சி: உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருபது முப்பது கல்வெட்டு அச்சில் வந்த ஒரு கோயிலைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் கால வரிசையில் அடுக்குங்கள். விற்றவர், வாங்கியவர், நிலத்தின் வகை, வரிப்பெயர்கள் என்று கட்டம் போடுங்கள். வரிப்பெயர்களில் கடமை, அந்தராயம் தனி. வெட்டி, முட்டையாள், எச்சோறு தனி. முன்னதில் விளைச்சலும் காசும் போகிறது. பின்னதில் ஆளின் உடம்பு உழைப்பும் அவர் வீட்டுச் சோறும் நேராகவே போகிறது. எந்த நூற்றாண்டில் எது கூடுகிறது என்று பாருங்கள். நிலம் உடையவரைக் குறிக்கும் 'உடையான்' என்று முடியும் பெயர்கள் எப்போது அடர்த்தியாகின்றன என்றும் பாருங்கள். சமூகத்துக்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வியை அந்தக் கட்டங்கள் நிரம்பிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

சங்க காலத்தைப் படிக்கிறவர்களுக்கு இலங்கை அறிஞர் சிவத்தம்பி 1974இல் திணைக் கோட்பாட்டின் சமூக, பொருளாதார அடிப்படை பற்றி எழுதிய கட்டுரை இதே வேலையைச் செய்து காட்டும். குறிஞ்சியும் மருதமும் ஒரே காலத்தில் வெவ்வேறு வளர்ச்சி நிலையில் இருந்ததை அவர் பாடல்களுக்குள்ளிருந்தே எடுத்தார். அவரும் இன்னோர் இலங்கை அறிஞரான கைலாசபதியும் பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் பயின்றவர்கள். கிரேக்க இலக்கியத்தை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்தவர் தாம்சன்.

கல்லில் அரிதாக வரும் குரல்

கல்வெட்டைப் பொறித்தவர்கள் கொடுத்தவர்களும் பெற்றவர்களும். அதனால் உழைத்தவர் அங்கே ஏதாவது நெருக்கடி வந்தால்தான் முகம் காட்டுகிறார். அப்படிப்பட்ட கல்வெட்டுகளைத் தனியாகச் சேர்த்து வையுங்கள்.

1201இல், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், திருப்பாம்புரத்தில் ஒரு வெள்ளாளர் பஞ்சத்தில் தம்மையும் தம் இரண்டு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். அந்தக் கல்வெட்டை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அதோடு அது ஒரு முக்கியமான சான்றும்கூட. வெள்ளாளர் என்றாலே நிலமுடையவர் என்று ஒரே வர்க்கமாக எழுதுகிறோம். ஒரு பஞ்சத்தில் அடிமையாகும் அளவுக்கு நலிந்தவரும் அந்தப் பெயருக்குள் இருந்திருக்கிறார். சாதிப் பெயரையும் வர்க்கத்தையும் ஒன்றாக்கும் முன் இந்த ஊரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று 1429. விஜயநகர ஆட்சியில் ஆடுதுறை, கொறுக்கை முதலிய ஊர்களில் ஒரே சமயத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள். வலங்கை 98, இடங்கை 98 என்ற இரு சாதித் தொகுப்புகளும் ஒன்றுசேர்ந்து, அதிகாரிகளும் பிராமண, வெள்ளாளக் காணியாளரும் செய்யும் கொடுமைக்கு எதிராக நிற்பதாகவும், இன்ன பயிருக்கு இன்ன அளவுதான் வரி கொடுப்போம் என்றும் அறிவிக்கிறார்கள். வரிப்பட்டியலை இம்முறை எழுதியது கொடுக்கிற தரப்பு. தஞ்சை வரிக்கணக்கைப் படித்த கையோடு இதைப் படித்தால் வேறுபாடு உறைக்கும். இரண்டையும் நடுவிலே 400 ஆண்டு பிரிக்கிறது. அந்த 400 ஆண்டில் கைவினைஞரும் வணிகரும் எப்படி வலுப்பெற்றார்கள் என்பதுதான் அடுத்துத் தேட வேண்டியது.

கல்லில் கிடைக்காததற்கு வாய்மொழி இருக்கிறது. நா. வானமாமலை நாட்டுப் பாடல்களைத் திரட்டிப் பதிப்பித்தார், 1969இல் ஆராய்ச்சி என்ற இதழைத் தொடங்கினார், கல்லூரிக்கு வெளியே இருந்தவர்களையும் கட்டுரை எழுதப் பழக்கினார். நடவுப்பாட்டைச் சோழர் காலத்துச் சான்றாகக் காட்ட முடியாது. ஆனால் அளக்கிற மரக்காலைப் பற்றி நடுகிறவர் என்ன நினைத்தார் என்பது பாட்டில் வரும், கல்லில் வராது. உங்கள் ஊரில் நடவுப்பாட்டுத் தெரிந்த அம்மாக்கள் இருந்தால் கல்வெட்டுக்குக்கூட அப்புறம் போகலாம், முதலில் அவர்களிடம் போங்கள். அனுமதி கேட்டுப் பதிவுசெய்யுங்கள், யார் பாடியது, எந்த வேலையின்போது பாடுவது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நோட்டு வைத்துக்கொள்வது பற்றி, பிள்ளைகள் அடிக்கடி கேட்பதால் சொல்லிவிடுகிறேன். இடப்பக்கம் கல்வெட்டின் சொற்களை அப்படியே எழுதுங்கள், தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் சேர்த்து. வலப்பக்கம் உங்கள் வாசிப்பு. ஊகமானால் பென்சிலில். இரண்டு பேர் ஒரே கல்வெட்டைத் தனித்தனியாக வாசித்துவிட்டு வலப்பக்கங்களை மாற்றிப் பாருங்கள். எங்கே வேறுபடுகிறீர்களோ அந்த வரியை மறுவாரம் சுவரிலேயே போய்ப் பாருங்கள். சுவரில் எழுத்து சிதைந்திருந்தால் சிதைந்தது என்றே எழுதி, இடத்தைக் காலியாக விடுங்கள்.